1948 இல் சுதந்திரம் என்றால், 1957 வரை திருகோணமலையில் இருந்தது யாருடைய கடற்படை?

பதிவு 1 | வாவிமகன்

மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். சென்ற கிழமை, குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்ற அலகைத் தொடங்கி, கரும்பலகையில் இரண்டு நிரல் வரைந்து, இந்தியா 1947, பர்மா 1948, இலங்கை 1948, கானா 1957 என்று நாட்டின் பெயருக்கு எதிரே ஆண்டை எழுதிக்கொண்டு போனேன். பின்வாங்கிலில் இருந்த மாணவி ஒருத்தி எழும்பி, "சேர், எங்கட அம்மப்பா திருகோணமலையில கடற்படைத் துறைமுகத்தில வேலை செய்தவர். 57 இல வெள்ளைக்காரன் போனதோடதான் தன்ர வேலையும் போனதெண்டு சொல்லுவாராம். அப்ப 48 இல போனது ஆரு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பாடவேளையில் பதில் சொல்வதாகக் கூறிக் கரும்பலகையை அழித்துவிட்டு வந்தேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். 1947 நவம்பர் 11 அன்று பாதுகாப்பு, வெளிவிவகாரம், அரச உத்தியோகத்தர் ஆகியவை பற்றிய மூன்று உடன்படிக்கைகளை டி. எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் பிரித்தானியாவுடன் கைச்சாத்திட்டது. முதலாவது உடன்படிக்கையின்படியே திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத்தளமும் சுதந்திரத்தின் பின்னரும் பிரித்தானியப் படைகளிடம் இருந்தன. மூன்றாவது, வெள்ளைக்கார உத்தியோகத்தர்களின் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உத்தரவாதம் அளித்தது. எங்கள் படைத் தலைமைக்கு இலங்கையர் ஒருவர், அன்ரன் முத்துக்குமாரு, வந்ததும் 1955 இல்தான்.

அப்படியானால் இலங்கைக்கு எதிரே எந்த ஆண்டை எழுதுவது? மற்ற நாடுகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டா? இங்குள்ளவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதினால் அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான பதில் ஒன்றைக் கொண்டுபோகலாம்.


பதிவு 2 | கல்முனைச் சட்டத்தரணி

ஆசிரியர் அவர்களுக்கு, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நம் ஊர்க் காணி வழக்குகளின் மொழியிலேயே பதில் சொல்லலாம். ஒரு காணிக்கு உறுதி என்பது வேறு, ஆட்சி என்பது வேறு. உறுதியை எழுதிக் கொடுத்தவர், வாங்கியவரின் சம்மதத்தோடு இன்னும் ஒன்பது வருடம் முன்விறாந்தையில் குடியிருந்தால், காணி அவருடையது ஆகிவிடாது; அதே நேரம், வாங்கியவர் அந்த விறாந்தையில் பாய் விரிக்கவும் முடியாது. 1947 ஆம் ஆண்டின் இலங்கைச் சுதந்திரச் சட்டத்தின்படி, 1948 பெப்ரவரி 4 இற்குப் பின்னர் இலங்கையின் வேண்டுகோளும் சம்மதமும் இன்றி வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றம் இங்கே செல்லுபடியாகும் சட்டம் இயற்ற முடியாது. அதுதான் உறுதி. தளங்களைத் திருப்பித் தரும்படி 1956 இல் பதவிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க கேட்டார், அடுத்த ஆண்டே திரும்பக் கிடைத்தன. உறுதி கையில் இல்லாதவர் அப்படிக் கேட்டிருக்க முடியுமா?

ஆகையால் 1948 ஐ வெறும் கொடி மாற்றம் என்று இளக்காரமாகச் சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. 1952 இல் சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. சீனாவுக்குப் போர்த் தளபாடப் பொருள்களை விற்கக் கூடாதென்று ஐக்கிய நாடுகள் சபை தடை விதித்திருந்தது. ஐக்கிய அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்க, திருகோணமலையில் பிரித்தானியக் கப்பல்கள் நின்ற அதே காலத்தில் இலங்கை துணிந்தது. அன்று நாம் ஐ.நா. உறுப்பினராக இல்லாததும் அதற்கு வசதியாயிற்று. 1948 இல் எங்களுடைய விண்ணப்பத்தைச் சோவியத் யூனியன் வீட்டோவினால் தடுத்ததற்கு அது சொன்ன காரணமே, இலங்கை உண்மையில் சுதந்திர நாடல்ல என்பதுதான். பிள்ளை கேட்ட கேள்வியைப் பாதுகாப்புச் சபையும் கேட்டிருக்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். 1955 டிசம்பர் 14 அன்றுதான் அங்கே நமக்கு ஆசனம் கிடைத்தது.

ஆனால் என் சொந்தத் துறையிலேயே எனக்கு உறுத்தும் ஒரு விடயம் உண்டு. எங்களுடைய இறுதி மேன்முறையீட்டு மன்றம் 1971 வரை இலண்டனில் இருந்த கோமறைக் கழகம். 1962 இல் அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்று குற்றவாளிகளாகக் காணப்பட்டவர்களை 1965 டிசம்பரில் விடுவித்தது அந்த மன்றமே. நீதித்துறையின் அதிகாரத்துக்குள் சட்டவாக்கம் கை நீட்டக் கூடாது என்ற அத்தீர்ப்பின் நியாயத்தை இன்றைக்கும் மெச்சுகிறேன். இருந்தும், சுதந்திரம் பெற்றுப் பதினேழு வருடத்தின் பின், ஒரு நாட்டின் அரசாங்கத்தைக் கவிழ்க்க முயன்ற வழக்கின் கடைசிச் சொல்லை இன்னொரு நாட்டின் தலைநகரில் சொன்னார்கள் என்பதை மறைக்க முடியாது. 1972 மே 22, குடியரசு நாள், என் கணக்கில் இரண்டாவது உறுதி.


பதிவு 3 | களுவாஞ்சிக்குடியாள்

ஐயாவின் உறுதி–ஆட்சி உவமை அருமை. ஆனால் சில நாடுகளில் உறுதி எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதே வழக்காகிவிடுகிறது. நான் பட்டமேற்படிப்புக்கு இந்தோனேசியாவை எடுத்திருப்பதால் அதையே சொல்கிறேன்.

யப்பான் சரணடைந்து இரண்டாம் நாள், 1945 ஓகஸ்ட் 17 அன்று, சுகர்னோவும் ஹத்தாவும் ஜகார்த்தாவில் விடுதலைப் பிரகடனம் செய்தார்கள். ஒல்லாந்தர் அதை ஏற்கவில்லை. நான்கு வருடப் போருக்கும் பேச்சுவார்த்தைக்கும் பின், 1949 டிசம்பர் 27 இல் இறைமையை "ஒப்படைத்தார்கள்". ஒப்படைப்பது என்றால் அந்த நாள் வரை அது தம்முடையதாக இருந்தது என்று பொருள். அந்த நான்கு வருடத்தில் ஒல்லாந்தப் படைகள் செய்தவை அந்நிய நாட்டின் மீதான போர் ஆகாமல் உள்நாட்டுப் "பொலிஸ் நடவடிக்கை" ஆகிவிடும். அவர்கள் வைத்த பெயரும் அதுதான். தேதியைப் பற்றிய சண்டையின் அடியில் கிடந்தது, கொல்லப்பட்டவர்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி. 2005 இல் ஒல்லாந்து வெளிவிவகார அமைச்சர் ஜகார்த்தாவுக்குப் போய் 1945 ஐ நடைமுறையில் ஏற்பதாகச் சொன்னார். முழுமையாக, எந்த நிபந்தனையும் இன்றி ஏற்பதாக அந்நாட்டுப் பிரதமர் மார்க் ருட்டே தங்கள் பாராளுமன்றத்தில் சொன்னது 2023 ஜூனில். எழுபத்தெட்டு வருடம் சென்றது.

இன்னொன்று, கடன். 1949 இன் வட்டமேசை மகாநாட்டில் ஒல்லாந்தக் குடியேற்ற அரசாங்கத்தின் கடனில் ஏறத்தாழ 4.3 பில்லியன் கில்டரைப் புதிய நாடு தன் தலையில் ஏற்க வேண்டியதாயிற்று. தங்களை அடக்குவதற்குச் செலவான பணமும் அந்தக் கடனுக்குள் இருக்கிறதே என்று இந்தோனேசியப் பிரதிநிதிகள் வாதாடினார்கள். 1956 இல் சுகர்னோவின் அரசாங்கம் அந்த உடன்படிக்கையையே ஒருதலையாக முறித்தது.

இந்த வழக்கத்தின் மூத்த பிள்ளை ஹெய்ட்டி. அடிமைகளாக இருந்தவர்கள் போராடி வென்று 1804 ஜனவரி 1 அன்று பிரகடனம் செய்த நாடு அது. 1825 இல் பிரெஞ்சு அரசன் பத்தாம் சார்ள்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, சுதந்திரத்தை அங்கீகரிக்க வேண்டுமானால் 150 மில்லியன் பிராங்க் தர வேண்டும் என்றான். தோட்டங்களையும், தோட்டங்களில் உடைமையாக வைத்திருந்த மனிதர்களையும் இழந்த முதலாளிகளுக்கு நட்டஈடாம்! 1838 இல் தொகை 90 மில்லியனாகக் குறைந்தது; அதைக் கட்டுவதற்குப் பிரெஞ்சு வங்கிகளிடமே வட்டிக்கு வாங்கினார்கள்; அந்த வட்டிச் சங்கிலியின் கடைசி முடிச்சு அவிழ்ந்தது 1947 இல். இலங்கைச் சுதந்திரச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு.

சேர், உங்கள் கரும்பலகையில் மூன்றாவது நிரல் ஒன்று வரைந்து, "எதை வைத்துக்கொண்டு போனார்கள்" என்று தலைப்பிட்டால் என்ன?


பதிவு 4 | பாலமீன்மடு

நான் படித்தவன் அல்லன். கடற்றொழில், இப்போது சுழியோடுபவர்களுக்குப் படகும் ஓட்டுகிறேன். வெள்ளைக்காரன் எப்போது போனான் என்று கேட்டால், எங்கள் கடலில் அவன் தாழ்ந்த நாள் ஒன்று இருக்கிறது.

1942 ஏப்ரல் 9. பிரித்தானியாவின் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், யப்பானியர் குண்டு போட வருகிறார்கள் என்ற செய்தி கேட்டு முதல்நாளே திருகோணமலையை விட்டு வெளிக்கிட்டுத் தெற்கு நோக்கி வந்தது. விமானந்தாங்கிக் கப்பல் என்று பெயர். அன்று அதில் விமானம் ஒன்றும் இருக்கவில்லை. திரும்பிப் போகும் வழியில் மட்டக்களப்புக்கு நேரே யப்பானிய விமானங்கள் கண்டுவிட்டன. கப்பல் சில நிமிடங்களில் தாழ்ந்தது. 307 பேர் செத்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் தாழ்ந்தது. மற்றவர்களை ஒரு வைத்தியசாலைக் கப்பல் வந்து ஏற்றியது.

என் அப்பா அந்த இடத்தைக் கப்பலடி என்பார். வலை போட்டால் சிக்கும், தூண்டில் போட்டால் கலவாய் பிடிபடும். இப்போது ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழம் போகக்கூடிய சுழியோடிகள் வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள். கப்பல் இடப்பக்கம் சரிந்து கிடக்கிறது. சுடுகலன்களின் மேல் பவளமும் சிப்பியும் மூடி, எது இரும்பு எது கல் என்று தெரியாது என்று ஏறி வந்து சொல்வார்கள். போன பருவத்தில் வந்த ஒரு கிழவர், தன் மாமா அந்தக் கப்பலில் போனவர் என்று சொல்லி, படகின் ஓரத்தில் இருந்து ஒரு பூவை மட்டும் தண்ணீரில் விட்டார்.

அந்தச் சண்டையை எங்கள் ஊர்க் கிழவர்கள் கரையில் நின்று பார்த்தவர்கள். சிங்கப்பூர் விழுந்து இரண்டு மாதம் ஆகவில்லை; யாராலும் தோற்கடிக்க முடியாது என்று நினைத்திருந்தவர்களின் கப்பல் புகை எழும்ப எழும்பத் தாழ்கிறது. பிறகு 48 இல் கொடி இறக்கியபோது அவர்களுக்கு அது பெரிய புதினமாகப் படவில்லை என்று அப்பா சொல்வார்.


பதிவு 5 | அக்கரைப்பற்றான்

பாலமீன்மடுத் தம்பி சொன்ன அந்த ஏப்ரல் மாதத்தைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால், இலங்கைக்குச் சுதந்திரம் தட்டில் வைத்துத் தரப்பட்டது, யாரும் சிறை போகவில்லை, யாரும் சாகவில்லை என்ற கதை பாடசாலைகளில் இன்னும் ஓடுகிறது. எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

1942 ஏப்ரலில், ஹேர்மிஸ் தாழ்ந்த அந்தக் கிழமையை ஒட்டித்தான், போர் எதிர்ப்புக்காக 1940 இல் இருந்து கண்டியில் மறியலில் கிடந்த என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நால்வரும் சிறைக்காவலன் ஒருவனின் துணையோடு தப்பினார்கள். பிறகு இந்தியாவுக்குக் களவாகக் கடல் கடந்து "வெள்ளையனே வெளியேறு" போராட்டத்தில் கலந்தார்கள். மே 8 இரவு கொக்கோஸ் தீவுகளில் காவல் இருந்த இலங்கைப் பீரங்கிப் படையினரில் ஒரு பகுதியினர் தங்கள் வெள்ளை அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அது தோற்றது. கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் ஓகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கலகம் செய்ததற்காகப் பொதுநலவாயப் படையினருக்குள் கொல்லப்பட்டவர்கள் இந்த மூவர் மட்டுமே. அவர்களுக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் அரை வரி கிடைத்தாலே பெரிய காரியம். அதற்கு இரண்டு வருடம் முன்பு முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தில் பொலிசாரின் சூட்டுக்கு இலக்கான தொழிலாளி கோவிந்தனையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வடக்கே 1931 இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் டொனமூர் யாப்பின் கீழான முதல் தேர்தலையே பகிஷ்கரித்தது. முழுச் சுயராச்சியத்துக்குக் குறைந்த எதையும் ஏற்கோம் என்றார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளுக்கும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. தெற்கின் தலைவர்கள் பாராட்டினார்கள், பின்பற்றவில்லை. பகிஷ்கரிப்பு அரசியலளவில் புத்தியான காரியமா என்றால், நான் இல்லை என்றுதான் சொல்வேன்: சர்வசன வாக்குரிமை வந்த முதற் சபையில் நான்கு ஆசனம் மூன்று வருடம் காலியாகக் கிடந்தது. ஆனாலும் அந்த இளைஞர்களின் குரலை மறந்துவிட்டு, யாப்புக்கு வழிவகுத்த ஆணைக்குழுவின் தலைவர் சோல்பரிப் பிரபுவின் பெருந்தன்மையால் சுதந்திரம் வந்தது என்று எழுதுவது வரலாறு ஆகாது. அந்தச் சோல்பரிப் பிரபுவே 1949 இல் மகாதேசாதிபதியாகத் திரும்பி வந்து ஐந்து வருடம் இருந்தார். சட்டத்தரணிக் காக்கா, இதற்கும் உங்களிடம் ஓர் உவமை இருக்குமே!


பதிவு 6 | கல்முனைச் சட்டத்தரணி

இருக்கிறது. உறுதி எழுதிய நொத்தாரிசே பிறகு வீட்டுக்கு மேற்பார்வையாளராக வந்த மாதிரி. கொக்கோஸ் விடயத்தை நான் மறந்துதான் போனேன், ஞாபகப்படுத்தியதற்கு நன்றி.


பதிவு 7 | புளியந்தீவுப் பறங்கி

இந்த இழையில் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் மட்டும் பேசப்படுகிறார்கள். முதலில் வந்து, கடைசியில் போனவர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல விடுங்கள்.

எங்கள் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள். பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அதாவது மட்டக்களப்பில் அவர்களுடைய ஆட்சி ஒரு பிள்ளை நாலாம் வகுப்புக்கு வரும் காலம்தான். ஆனால் என் அம்மம்மா தன் சகோதரியோடு குசினியில் இருந்து பேசியது அந்த மொழியின் எங்கள் ஊர் வடிவத்தை; முட்டைக்கும் மழைக்கும் கோபத்துக்கும் அவரிடம் வேறு சொல் இருக்கவில்லை. தச்சு வேலைக்காரர்களும் இரும்பு வேலைக்காரர்களுமான ஒரு சிறு சமூகம், ஆண்டவர்கள் போய் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல், எந்தப் பாடசாலையும் கற்பிக்காத மொழியை வைத்திருக்கிறது. கொண்டாட்டம் என்றால் கப்ரிஞ்ஞா ஆட்டமும் உண்டு. இதை எந்த நிரலில் போடுவீர்கள் சேர்?

இதே போர்த்துக்கல் ஆபிரிக்காவில் செய்தது வேறு. குடியேற்ற நாடு என்ற பெயரையே 1951 இல் யாப்பில் இருந்து எடுத்துவிட்டு, அங்கோலாவும் மொசாம்பிக்கும் கோவாவும் "கடல்கடந்த மாகாணங்கள்" என்றது. மாகாணத்துக்கு எப்படி விடுதலை கொடுப்பது என்பது அதன் வாதம். கோவாவை 1961 டிசம்பரில் இந்திய இராணுவம் இரண்டு நாளில் எடுத்தது. ஆபிரிக்காவில் மூன்று முனையில் பத்து வருடத்துக்கு மேல் போர் நடந்தது. கினி-பிசாவின் தலைவர் அமில்கார் கப்ரால் 1973 ஜனவரியில் கொலையுண்டார். அவருடைய கட்சி அதே ஆண்டு செப்டெம்பரில் தானே விடுதலையைப் பிரகடனம் செய்தது. போரில் சலித்த போர்த்துக்கேய இளம் அதிகாரிகள் 1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பனில் தங்கள் சொந்தச் சர்வாதிகாரத்தையே கவிழ்த்தார்கள். ஆளப்பட்டவர்கள் போராடியதால் ஆண்டவர்களுக்கும் விடுதலை கிடைத்த விந்தை அது. கிழக்குத் திமோருக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1975 நவம்பர் 28 இல் பிரகடனம், டிசம்பர் 7 இல் இந்தோனேசியப் படையெடுப்பு, 2002 மே 20 இல் உண்மையான சுதந்திரம். களுவாஞ்சிக்குடித் தங்கச்சி தன் இந்தோனேசியக் கதையில் இந்தப் பக்கத்தையும் சேர்க்க வேண்டும்.


பதிவு 8 | களுவாஞ்சிக்குடியாள்

சேர்க்கத்தான் வேண்டும், அண்ணா, தவறு என்னுடையது. 1955 இல் பாண்டுங்கில் இருபத்தொன்பது நாடுகளைக் கூட்டி, குடியேற்றவாதம் எந்த வடிவில் இருந்தாலும் தீமையே என்று தீர்மானம் எடுக்க விருந்தோம்பிய நாடு, இருபது வருடத்தில் அயல் தீவுக்குள் படையோடு போயிற்று. அந்தச் சொற்றொடர் வந்த விதமும் எங்களுக்கு நெருக்கமானது. மகாநாட்டை அழைத்த ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று. அங்கே எங்கள் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல, மேற்கின் குடியேற்றவாதத்தைக் கண்டிப்பதானால் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் செய்வதையும் கண்டிக்க வேண்டாமா என்று கிளப்பினார். நேருவுக்குக் கோபம், சூ என்லாய்க்கும் மனக்கசப்பு. எல்லோரும் கையொப்பமிடத்தக்க ஒரு வாசகத்தைத் தேடியதில் கிடைத்ததே "அதன் எல்லா வெளிப்பாடுகளிலும்" என்ற தொடர். கொத்தலாவல கேட்ட கேள்வி நியாயமானது என்றே நான் நினைக்கிறேன், அதைக் கேட்ட அன்று அவருடைய சொந்தத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை நின்றிருந்தாலும்.


பதிவு 9 | பட்டிப்பளையான்

சட்டத்தரணி ஐயா உறுதி, ஆட்சி என்று எழுதியதை வாசித்த பிறகு வீட்டு அலுமாரியைத் திறந்து அப்பாவின் காணிப் பெர்மிட்டை எடுத்துப் பார்த்தேன். கல்லோயாத் திட்டத்தில், நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் அந்த ஆற்றின் இடதுகரையில், 1950 களில் கிடைத்த வயல். அச்சடித்த படிவத்தில் "முடிக்குரிய காணி" என்று இருக்கிறது. பின்னொரு காலத்தில் யாரோ ஒரு எழுதுவினைஞர் நீலமையால் "முடிக்குரிய" என்ற சொல்லை ஒரு கோடு போட்டு வெட்டி, மேலே "அரச" என்று எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறார். கீழே உள்ள நிபந்தனைகளில் ஒன்றையும் வெட்டவில்லை. விற்கக் கூடாது, துண்டு போடக் கூடாது, அனுமதியின்றி ஈடு வைக்கக் கூடாது எல்லாம் அப்படியே.

எனக்குச் சட்டம் தெரியாது. 1840 இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு, உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் எல்லாம் முடிக்குச் சொந்தம் என்று எடுத்தான் என்று மட்டும் தெரியும். எங்கள் பக்கத்தில் சேனை வெட்டியவனுக்கும் மாடு மேய்த்தவனுக்கும் உறுதி ஏது? பிறகு 48 இல் அந்தக் காணி சேனை வெட்டியவனிடம் திரும்பி வரவில்லை. ஒரு எசமானிடம் இருந்து இன்னொரு எசமானுக்குப் போனது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை, இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பனி கட்டிய அணை, பிறகு யாரை எங்கே குடியேற்றுவது என்ற தீர்மானம், 1961 இல் மட்டக்களப்பை வெட்டி அம்பாறை மாவட்டம், எல்லாம் அந்த "முடிக்குரிய காணி" என்ற ஒரு சொல்லின் பலத்தில் நடந்தவை. இதில் யாருக்கு நன்மை யாருக்குத் தீமை என்று இங்கே சண்டை பிடிக்க நான் வரவில்லை. என் வயலும் அந்தத் திட்டத்தில் வந்ததுதான். நீலமையால் வெட்டிய அந்தக் கோட்டைத்தான் அந்தப் பிள்ளைக்குக் காட்ட விரும்புகிறேன். சேர் வேண்டுமானால் படம் எடுத்து அனுப்புகிறேன்.


பதிவு 10 | கல்முனைச் சட்டத்தரணி

பட்டிப்பளையான் தனக்குச் சட்டம் தெரியாது என்கிறார். நாற்பது வருடம் சட்டம் பார்த்த நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அது. முடிக்காணிக் கட்டளைச் சட்டம் 1947 இல், சுதந்திரத்துக்கு முந்திய கடைசி மாதங்களில், புதிதாகவே இயற்றப்பட்டது. பின்பு பெயரில் "முடி" போய் "அரச" வந்து இன்றும் அதுவே நடைமுறையில் இருக்கிறது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோய் அல்ல. புதிய நாடுகள் பழைய சட்டங்களையும் பழைய எல்லைகளையும் அப்படியே முதுசமாக எடுத்துக்கொண்டன. 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு, விடுதலை பெற்ற நாளில் இருந்த எல்லைகளையே மதிப்பதென்று தீர்மானித்தது. ஐரோப்பியர் மேசையில் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடுகள் அவை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் அவிழும் என்ற பயம்தான். மொரோக்கோவும் சோமாலியாவும் ஏற்கவில்லை.

எடுத்துக்கொள்ளாமல் அழிந்ததும் உண்டு. மட்டக்களப்பில் தாய்வழியாகச் சொத்துப் போகும் முக்குவச் சட்டம் இருந்தது. ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையைச் சட்டமாக ஏற்றுக் காப்பாற்றிய அதே பிரித்தானிய நிருவாகம், 1876 இன் கட்டளைச் சட்டத்தால் எங்களுடையதை வழக்கொழியச் செய்தது. வீடு பெண்ணுக்கு என்ற வழக்கத்தைக் கல்முனையிலும் காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் சனங்கள் இன்றும் விடவில்லை என்பது வேறு விடயம். அதற்குச் சட்டப் புத்தகத்தில் இடமில்லை. சுதந்திரம் வந்த எந்தத் தேதியிலும் அது திரும்பி வரவில்லை.

புதிய அரசாங்கம் தன் கையால் புதிதாகச் செய்தது எது என்று கேட்டால், நாணத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது: 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். 1931 இல் இருந்து வாக்களித்து வந்த மலையகத் தோட்டத் தொழிலாளர், அந்த ஆண்டு முடிவதற்குள் நாடற்றவர் ஆனார்கள்.


பதிவு 11 | களுவாஞ்சிக்குடியாள்

எல்லோரும் எழுதியதைப் படித்த பிறகு, திருகோணமலைக்கே திரும்பி ஒரு கேள்வி கேட்டேன்: 1957 இல் அங்கிருந்து போனவர்கள் எங்கே போனார்கள்? அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை எனக்கு இரண்டு நாள் நித்திரையைக் கெடுத்தது.

கட்டுநாயக்கவையும் திருகோணமலையையும் இழக்கப் போகிறோம் என்று தெரிந்ததும், பிரித்தானிய விமானப்படை மாலைதீவின் தெற்கே அட்டு தீவுக்கூட்டத்தில் உள்ள கன் என்ற சிறு தீவைத் தெரிந்தெடுத்து, 1957 முதல் அங்கே தளம் அமைத்தது. கன் தீவில் இருந்த குடும்பங்களை அயலில் உள்ள தீவுகளுக்கு மாற்றினார்கள். தளத்தில் கிடைத்த கூலியும் வியாபாரமும் தெற்குத் தீவுகளுக்கும் மாலேக்கும் இடையில் பகையை மூட்டி, 1959 இல் தெற்கில் ஒரு தனிக் குடியரசே பிரகடனம் செய்யப்பட்டு, 1963 இல் முடிவுக்கு வந்தது. மாலைதீவு 1965 ஜூலை 26 அன்று முழுச் சுதந்திரம் பெற்றது. பிரித்தானியர் கன்னை விட்டுப் போனது 1976 இல். பிள்ளையின் கேள்வியை மாலைதீவுப் பிள்ளையும் கேட்கலாம்.

அதற்கும் தெற்கே, சாகோஸ் தீவுகளில் ஒன்றான டியாகோ கார்சியா. எந்தப் புதிய நாடும் எழும்பித் தளத்தைத் திருப்பிக் கேட்காத ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தில், மொரிசியசுக்கு விடுதலை கொடுப்பதற்கு முன்பே, 1965 நவம்பரில் சாகோஸ் தீவுகளை அதில் இருந்து பிரித்தெடுத்து, புதிய குடியேற்றப் பிரதேசம் ஒன்றை உண்டாக்கினார்கள். குடியேற்றவாதத்துக்கு முடிவு கட்டும் 1514 ஆம் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை 89 வாக்குகளோடு, எதிர்வாக்கு ஒன்றும் இன்றி நிறைவேற்றி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அந்த வாக்கெடுப்பில் விலகி நின்ற ஒன்பது நாடுகளில் பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் உண்டு. 1973 இற்குள் சாகோஸ் மக்கள் முழுவதும் வெளியேற்றப்பட்டார்கள். தென்னந்தோட்டத்தில் வேலை செய்த ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட சனம். மொரிசியசிலும் சீசெல்சிலும் துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். அப்படிப் பிரித்தது சட்டத்துக்கு மாறானது என்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது 2019 பெப்ரவரி 25 இல். 2025 மே மாதம் கைச்சாத்தான உடன்படிக்கை, இறைமையை மொரிசியசுக்குக் கொடுத்துவிட்டுத் தளத்தை 99 வருடக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறது. மறுபடியும் உறுதியும் ஆட்சியும், ஐயா.

திருகோணமலையைத் திருப்பிக் கேட்டது சரியான காரியம். அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் எங்கள் விறாந்தையில் இருந்து எழும்பியவர், கேட்பதற்கு ஆளில்லாதவர்களின் வீட்டைப் பார்த்துப் போய்ப் பாய் விரித்தார். ஒரு நாட்டின் தேதியை மட்டும் தனியே எழுதினால் இது கண்ணில் படாது.


பதிவு 12 | வாவிமகன்

பாடவேளை நேற்று முடிந்தது. தங்கச்சி சொன்னபடி மூன்றாவது நிரல் போட்டேன். கினியைப் பற்றியும் சேர்த்தேன்: 1958 செப்டெம்பர் 28 வாக்கெடுப்பில் பிரான்சின் சமூகத்துக்குள் இருக்க மாட்டோம் என்று பெரும்பான்மையாகச் சொன்ன ஒரே ஆபிரிக்கப் பிரதேசம் அது, உத்தியோகத்தர்களும் ஆவணங்களும் தளபாடங்களும் சில கிழமைக்குள் கப்பலேறின. மூன்றாவது நிரலில் "ஒன்றையும் விட்டுவைக்கவில்லை" என்று எழுத வேண்டியதாயிற்று.

பட்டிப்பளையாரின் பெர்மிட் படத்தைத் திரையில் போட்டபோதுதான் வகுப்பு அடங்கியது. நீலமைக் கோட்டைப் பார்த்துவிட்டு இரண்டு பிள்ளைகள் தங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடுதாசி இருப்பதாகச் சொன்னார்கள். இலங்கைக்கு எதிரே ஆண்டுகள் நான்கு வந்தன: 1948, 1955, 1957, 1972. சோதனையில் எதை எழுதுவது என்று கேட்டார்கள்; 1948 ஐ எழுதச் சொன்னேன், புள்ளி அதற்குத்தான். கேள்வி கேட்ட பிள்ளை மாலைதீவுக்கு எதிரே மாலே என்று எழுதி, அங்கே கைச்சாத்திட்டார்கள் என்று குறித்திருந்தாள். அதையும் சரி போட்டுவிட்டேன்.


பதிவு 13 | கல்முனைச் சட்டத்தரணி

ஆசிரியர் அவர்களே, அந்தச் சரியைத் திருத்த வேண்டும். மாலைதீவின் சுதந்திர உடன்படிக்கை கைச்சாத்தானது மாலேயில் அல்ல. கொழும்பில், பிரித்தானிய உயர்ஸ்தானிகரின் வாசஸ்தலத்தில்.


பதிவு 14 | வாவிமகன்

நன்றி, காக்கா. திங்கட்கிழமை கொப்பியை வாங்கித் திருத்திக் கொடுக்கிறேன்.